ஜெர்மன் பி1 தேர்வில் 80 சொற்களுக்குள் எப்படி எழுதுவது?
ஏறக்குறைய 80 சொற்களுக்குள் எதைச் சொல்வது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மன் மொழியைக் கற்பிக்கும் கோத்தே நிறுவனத்தின் பி1 (இடைநிலை) தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 60 நிமிடங்களும் மூன்று பணிகளும் உண்டு. முதல் பணியாக நண்பருக்கு எழுதும் இந்த 80 சொல் மின்னஞ்சலுக்கு மூன்று குறிப்புகள் தரப்படும். அவற்றுள் ஒன்றை விட்டுவிட்டால், மற்றவை எவ்வளவு அழகாக அமைந்தாலும் மதிப்பெண் குறையும் என்பதால், ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு மூன்று வாக்கியங்களை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

தமிழில் யோசித்துச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பெரும்பாலும் தடுமாற்றத்தையே தரும். ஆயினும், 'ஏனெனில்' என்று பொருள்தரும் 'வைல்' (weil) வரும் துணைவாக்கியத்தில் வினைச்சொல் தமிழைப் போலவே இறுதிக்குச் சென்றுவிடுவதால் (இது நமக்கு வாய்த்த நல்ல வசதி), காரணம் சொல்லும் ஒரு வாக்கியத்தையேனும் துணிந்து எழுதுங்கள். முடித்தபின், பெயர்ச்சொற்கள் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்குகின்றனவா என்று பாருங்கள்.