பெட்டியின் நிறம் – கடிதம்

வணக்கம் ஐயா,

படங்களும் வடிவமைப்பும் நமக்குத் தெரியாமலே நம்மை இணங்க வைக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். மிகைப்படுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் எதையும் வாசித்து, யோசித்துத்தான் முடிவெடுக்கிறேன். விஷயம்தானே முக்கியம்? வடிவமைப்பு வெறும் ஒப்பனை அல்லவா?

க.

அன்புள்ள க.,

வெறும் ஒப்பனைக்காக யாரும் வழக்காட மாட்டார்கள். சிகரெட் பெட்டியில் சின்னமும் கவர்ச்சியான வண்ணமும் கூடாது என்று ஆஸ்திரேலியா சட்டம் போட்டபோது, புகையிலை நிறுவனங்கள் அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றத்தில் வழக்காடி 2012இல் தோற்றன. சட்டம் சிகரெட்டைத் தடை செய்யவில்லை. பெயரைக்கூட விட்டுவைத்தது, எல்லாருக்கும் ஒரே எழுத்துரு என்றது. உள்ளே அதே புகையிலை. நீங்கள் சொல்லும் 'விஷயம்' துளியும் மாறவில்லை.

எனக்குச் சுவையாக இருந்தது அதற்கு அடுத்த கட்டம். அலங்காரத்தை உரித்தாலும் பெட்டிக்கு ஏதோ ஒரு நிறம் வேண்டுமே? புகைப்பவர்களிடம் பல நிறங்களைக் காட்டி, அவர்களை மிகக் குறைவாகக் கவர்ந்ததைப் பிடித்தார்கள். சேற்றைப் போன்ற மங்கிய பழுப்பு. அதை 'ஆலிவ் பச்சை' என்று முதலில் குறிப்பிட்டதற்கு ஆலிவ் விளைவிப்பவர்கள் ஆட்சேபம் தெரிவிக்க, பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. (நிறத்தின் பெயரே வியாபாரத்தைக் கெடுக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!) ஆக, மொட்டைப் பெட்டியையும் ஒருவர் உட்கார்ந்து வடிவமைக்கத்தான் வேண்டியிருந்தது.

வாசித்து முடிவெடுப்பதாகச் சொல்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் இணையதளத்தைத் திறந்ததும் முன்னால் வந்து நிற்கும் குக்கீ (தளம் நம்மை நினைவில் வைத்துக்கொள்ள நம் கருவியில் போடும் சிறு கோப்பு) அனுமதியைக் கடைசியாக எப்போது வாசித்தீர்கள்? 'ஏற்கிறேன்' என்பது பளிச்சென்று பெரிய பொத்தானாக இருக்கும். மறுக்க விரும்பினால் சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய வரி, அதைத் தொட்டால் இன்னொரு பக்கம், அங்கே பத்துக் கட்டங்கள். சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. வாக்கியம் என்றால் எதிர்த்துப் பேசலாம். பொத்தானின் அளவோடு யார் சண்டை போடுவது? நானும் அலுத்துப்போய் பெரியதையே அழுத்துகிறவன்தான். முன்கூட்டியே டிக் செய்து வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அந்த டிக்கை எடுத்துவிட எவருக்கும் தடை இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எடுக்காமல் விட்டதைச் சம்மதமாகக் கணக்கில் எழுதக் கூடாது என்றார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. உங்கள் மின்னஞ்சலில் 'வெறும்' என்ற சொல் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. இங்கே பதிவேற்றும்போது அது போய்விட்டது, மன்னிக்கவும். கடிதத்தைத் திறந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அந்தச் சொல்தான்.