இறுதிச் சடங்குக்கு ஆலோசகர் வைத்தால், அவருக்குக் காசு கொடுப்பது யார்?

கேள்வி: அப்பாவுக்கு இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் நானும் அம்மாவும்தான். எந்த நிறுவனத்தையும் சேராமல், தனி ஆளாக இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைப் பார்த்துத் தருகிறவர் ஒருவரைச் சொன்னார்கள். அவரை வைத்துக்கொள்ளலாமா, இல்லை வீண் செலவா? இப்போதே இதைப் பேசுவது தப்போ என்றும் இருக்கிறது.

பதில்: தப்பே இல்லை. அப்பா பேசும் நிலையில் இருந்தால் எரிப்பதா புதைப்பதா, யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று மெதுவாக அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அக்கா இறந்த ராத்திரி, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒருவர் ஒரு தாளை நீட்டினார். மேலே ‘ஏற்பாடுகள்’ என்று ஒரே ஒரு வார்த்தை, கீழே மொத்தத் தொகை. படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரம் கழித்து விவரம் கேட்டு வாங்கிப் பார்த்தால், ஒரே வண்டிக்கு இரண்டு தடவை காசு போட்டிருந்தார்கள். சண்டை போடத் தெம்பில்லை, விட்டுவிட்டேன். அன்றைக்குப் பக்கத்தில் நம்ம ஆளாக ஒருவர் நின்று, ‘இது எதற்கு?’ என்று கேட்டிருந்தால் போதும். நீங்கள் காசு கொடுப்பது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

அதனால் முதலிலேயே கேட்க வேண்டியது: வண்டிக்காரர், பெட்டி விற்பவர், சடங்கு நிறுவனம் என்று யாரிடமிருந்தாவது கமிஷன் வருகிறதா? வராது என்பதை எழுதி வாங்குங்கள். மழுப்பினால் அவர் ஆலோசகர் இல்லை, ஏஜென்ட். அப்புறம், மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்பவர் வேண்டாம், ஏனென்றால் உங்கள் செலவு ஏற ஏற அவர் வரும்படியும் ஏறும். இன்ன வேலைக்கு இன்ன தொகை என்று பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று இடங்களில் விலை விசாரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அமெரிக்காவில் 1984-லிருந்தே இப்படிப் பிரித்த விலைப்பட்டியலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது, பெட்டியை வெளியே வாங்கினாலும் நிறுவனம் மறுக்க முடியாது. உங்கள் இடத்தில் அப்படி விதி இருக்கிறதோ இல்லையோ, பட்டியலைக் கேட்பதை யாரும் தடுக்க முடியாது. உடலைப் பதப்படுத்தும் எம்பாமிங்கைக் கட்டாயம் போலச் சொல்லிப் பட்டியலில் சேர்ப்பார்கள். சீக்கிரமே அடக்கமோ தகனமோ செய்வதாக இருந்தால், குளிர்ப்பெட்டியே பெரும்பாலும் போதும். விமானத்தில் உடலை அனுப்புவது வேறு கதை.

சின்னதாக, எளிமையாக முடிக்க நினைத்தால் ஆலோசகரே தேவையில்லை. பதறாத ஒரு சொந்தக்காரரும் ஒரு நோட்டும் போதும். ஆனால் நீங்கள் இரண்டே பேர் என்கிறீர்கள், அம்மா பக்கத்தில் இருக்கவே உங்களுக்கு நேரம் சரியாக இருக்கும். நானாக இருந்தால் வைத்துக்கொள்வேன்.

முழுப் பணத்தையும் முன்னாடியே தராதீர்கள். சின்ன அட்வான்ஸ், அதற்கு ரசீது, பாக்கி வேலை முடிந்தபின். நிறுவனங்களுக்கான பணத்தையும் அவர் கையில் கொடுக்காமல் நேராகவே கட்டுங்கள். உடலைப் பெறுவது, இறப்பைப் பதிவது போன்றவற்றுக்குப் பெரும்பாலும் குடும்பத்தார் கையெழுத்துதான் கேட்பார்கள், அதனால் அப்பாவின் அடையாள ஆவணங்களை ஒரு உறையில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.