யார் அந்த நேசமணி?

உங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க மூன்று பாஸ்மார் (வேலையாட்கள்) வந்தார்களாம், உங்கள் அப்பா அவர்களை 'நேசமணி கோஷ்டி' என்று சொல்லிச் சிரித்தாராம். யார் அந்த நேசமணி என்று கேட்டிருக்கிறீர்கள்.

2001இல் சித்திக் இயக்கிய 'ஃபிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம்தான் கான்ட்ராக்டர் நேசமணி. விஜய், சூர்யா, ரமேஷ் கண்ணா எல்லாம் அவரிடம் வேலை பார்ப்பவர்கள். பெரிய மாளிகை ஒன்றுக்குப் பெயின்ட் அடிக்கப் போய், அடிப்பதைவிட உடைப்பதுதான் அதிகம். சுத்தியல் கைநழுவி நேசமணியின் தலையில் விழும் இடத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, விழுவதற்கு முன் அவர் காட்டும் முதலாளி மிடுக்கு. மிடுக்கு கூடக் கூட, அடி விழும்போது சிரிப்பும் கூடுகிறது. மதுரைக்காரரான வடிவேலுவின் பலமே அதுதான்: வாய் வீறாப்பாகப் பேசும், கண்ணில் பயம் தெரியும். 'தேவையில்லாத ஆணி' என்று நாம் சொல்வதும் இந்தப் படத்தில் இருந்து வந்ததுதான்.

மூலப்படம் 1999இல் வந்த மலையாளம். அதுவும் சித்திக் எடுத்ததே. அங்கே இந்த வேடம் ஜெகதி ஸ்ரீகுமாருக்கு.

அப்புறம் 2019 மே மாதக் கூத்து. சுத்தியல் படம் ஒன்றைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று ஃபேஸ்புக்கில் யாரோ கேட்க, இது விழுந்துதான் நேசமணிக்கு மண்டை உடைந்தது என்று ஒரு தமிழர் பதில் போட்டார். நேசமணி நலம்பெற வேண்டி ட்விட்டரே பிரார்த்தித்தது. நரேந்திர மோடி இரண்டாம் முறை பதவியேற்ற அதே நாட்களில்!