கேதார்காந்தா ட்ரெக்குக்கு எத்தனை லிட்டர் பை வாங்குவது? அது உடம்புக்குச் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இது: டிசம்பர் கடைசியில் உத்தராகண்டில் உள்ள பனிமலையான கேதார்காந்தா, மலையில் நான்கு இரவு. ட்ரெக்கிங் நிறுவனம் மூலமாகப் போகிறீர்கள். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், சாப்பாடு அவர்கள் பொறுப்பு. உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 62 கிலோ, பேன்ட் சைஸ் 30. கடையில் 70 லிட்டர் எடுக்கச் சொல்கிறார்கள்.

70 வேண்டாம், 50 போதும். ஆனால் லிட்டரைவிட முக்கியமான ஒரு அளவை அந்தக் கடையில் கேட்கவே இல்லை போலிருக்கிறது: உங்கள் முதுகின் நீளம். லிட்டர் கொஞ்சம் முன்பின் ஆனால் சமாளித்துவிடலாம். முதுகு நீளம் தப்பினால் இரண்டாம் நாளே தோள் கன்றிப்போகும்.

முதலில் லிட்டரை முடித்துவிடலாம். கூடாரம், அடுப்பு, நாலைந்து நாள் மளிகை எல்லாவற்றையும் தானே சுமப்பவருக்குத்தான் 70 லிட்டர். உங்கள் பையில் போவது உடை, ஜாக்கெட், மழை அங்கி, தண்ணீர், மருந்து, டிபன் பாக்ஸ், கொறிக்க ஏதாவது. இவற்றை வீட்டில் ஒரு அட்டைப்பெட்டியில் அமுக்கி அடுக்குங்கள். நீளம், அகலம், சாமான் நிரம்பிய உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும். 40 × 30 × 35 என்றால் 42 லிட்டர். ஏறும்போது உடம்பு சூடாகிக் கழற்றும் ஜாக்கெட்டுக்கு இன்னொரு 6 முதல் 8 லிட்டர் சேருங்கள். மொத்தம் 50 லிட்டர்: வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டரை இருந்தால் எவ்வளவு இடமோ, அவ்வளவு. லேபிளில் 50+10 என்று போட்டிருந்தால், பையின் உடல் 50; மேலே உள்ள துணிக் கழுத்தை இழுத்து உயர்த்தினால் இன்னொரு 10.

பெரிய பை வாங்கிப் பாதி நிரப்பினால் என்ன என்று தோன்றும். சாமான் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்து, அடிப்பக்கம் உப்பி, பை முதுகைவிட்டு விலகிப் பின்னால் இழுக்கும். காலி இடத்தைக் கண்டால் இன்னொரு ஸ்வெட்டரைத் திணிக்கவும் கை போகும். பல நாள் நடைக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 62 கிலோவுக்கு அது 12.4 கிலோ. உங்கள் பயணத்துக்கு இரண்டு லிட்டர் தண்ணீரையும் சேர்த்து 10 கிலோவுக்குள் அடக்கிவிட முடியும்.

இனி முதுகு. தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அது மேல் புள்ளி. கீழ்ப் புள்ளிக்கு இடுப்பெலும்பின் மேல் விளிம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தையோ குழந்தையையோ இடுப்பில் வைத்தால் எந்த எலும்பின் மேல் பாரம் உட்காருமோ, அந்த எலும்புதான். இரண்டு கையையும் அதன் மேல் வைத்து, கட்டைவிரல்கள் பின்னால் போகும்படி பிடியுங்கள். இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தால் அது முதுகெலும்பைத் தொடும் இடம் கீழ்ப் புள்ளி. நிமிர்ந்து நின்று, தையல்காரர் வைத்திருக்கும் நாடாவால், முதுகின் வளைவோடு ஒட்டியே இன்னொருவர் அளக்க வேண்டும். தானே அளந்தால் உடம்பு திரும்பி அளவு மாறிவிடும். இரும்பு டேப்பும் வளைவைப் பின்பற்றாது.

உயரத்தை வைத்து இதை ஊகிக்க முடியாது. 5 அடி 6 அங்குலம் உள்ள இரண்டு பேரில் கால் நீண்டவருக்கு 43 செ.மீ., உடல் நீண்டவருக்கு 49 செ.மீ. வரலாம். முன்னவருக்கு எஸ் சைஸ் பை, பின்னவருக்கு எம் அல்லது எல். கம்பெனிக்குக் கம்பெனி அட்டவணை மாறும் என்பதால் எழுத்தை நம்பாமல் சென்டிமீட்டரைப் பாருங்கள். பெண்களுக்கென வரும் பைகளில் முதுகு குட்டையாகவும் தோள் வார்களின் இடைவெளி குறுகலாகவும் இருக்கும். முதுகு குட்டையான, ஒல்லியான ஆண்களும் அதைத் தாராளமாகப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் பை என்றால் முதுகு நீளத்தை மாற்றக்கூடிய மாடலையே எடுங்கள். பலவற்றில் தோள் வார்களின் அடிப்பலகை வெல்க்ரோவால் முதுகோடு ஒட்டியிருக்கும். அது லேசில் பிரியாது. உள்ளங்கையைத் தட்டையாக நுழைத்துப் பிரித்துக்கொண்டே போய், ஏற்றியோ இறக்கியோ மறுபடி அழுத்தி ஒட்ட வேண்டும். கோணலாக ஒட்டினால் ஒரு தோளில் மட்டும் பாரம் விழும்.

கடையில் காலிப் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனே இல்லை. காலிப் பை எல்லாருக்கும் பொருந்தும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கை உள்ளே வைத்தால் 8 கிலோ. சுற்றிலும் துணியைத் திணித்து ஆடாமல் செய்யுங்கள். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையைத் தூக்கி மாட்டிக்கொண்டு, இந்த வரிசையிலேயே இறுக்குங்கள்.

முதலில் இடுப்பு பெல்ட். அதன் பஞ்சுப் பட்டையின் நடுக்கோடு இடுப்பெலும்பின் விளிம்பின் மேல் வர வேண்டும், பேன்ட் பெல்ட் போடும் இடத்தில் அல்ல. எடையின் பெரும்பங்கைத் தாங்கப்போவது இதுதான். மேலே ஏறி வயிற்றில் இறுகினால் மூச்சு முட்டும். கீழே சரிந்தால் ஒவ்வொரு படிக்கும் தொடை இடிக்கும், தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகவும் கூடும். உங்களுக்கு பேன்ட் சைஸ் 30 என்பதால் இங்கேதான் அதிக கவனம் வேண்டும். இறுக்கியபின் இரண்டு பக்கப் பஞ்சுப் பட்டைகளுக்கும் நடுவே, பக்கிள் இருக்கும் இடத்தில், நான்கைந்து விரல் இடைவெளியாவது இருக்கட்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் பெல்ட் உங்களுக்குப் பெரிது, அதற்கு மேல் இறுகாது. காலையில் குளிருக்கு மூன்றடுக்கு உடையோடு சரியாக இருந்தது, பத்து மணி வெயிலில் இரண்டைக் கழற்றியதும் லொடலொடவென்று ஆகிவிடும்.

அடுத்து தோள் வார். தோளைச் சுற்றி இடைவெளியில்லாமல் படிந்து, முதுகுப்பக்கம் தோள் உச்சிக்கு ஓரிரு அங்குலம் கீழே பையில் சேர வேண்டும். தோள் உச்சிக்கும் வாருக்கும் நடுவே விரல் நுழைகிறதா? பையின் முதுகு உங்களுக்கு நீளம். வார் தோளை நேராகக் கீழே அழுத்துகிறதா, பெல்ட் வயிற்றுக்கு ஏறுகிறதா? குட்டை. இது பிடிபட, பக்கவாட்டில் நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் பார்க்கத் திரும்பினாலே வாரின் நிலை மாறிவிடும்.

தோளுக்கு மேல் பையின் உச்சியோடு சேரும் சின்ன வார்தான் லோடு லிஃப்டர். கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். பை பின்னால் சாய்வது நிற்கும்வரை மட்டும் இழுங்கள். அதிகம் இழுத்தால் தோள் முன்பக்கம் அமுங்கும். கடைசியாக மார்பு வார், காறையெலும்புக்கு ஓர் அங்குலம் கீழே, தளர்வாக. எல்லாம் முடிந்ததும் தோள் வாரை ஒரு சென்டிமீட்டர் விட்டுக்கொடுங்கள். பாரம் இடுப்பில் இறங்குவது அப்போது நன்றாகத் தெரியும். நடக்கும்போது விரல்கள் மரத்தால் தோள் வார் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது என்று பொருள்.

இப்படியே இருபது நிமிடம் நடங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள். இறங்கும்போதுதான் பை ஆடுவது தெரியும், கேதார்காந்தா பனியில் அந்த ஆட்டம் காலை வாரிவிடும்.

மலிவுப் பைகளைக் கழிக்க ஒரு சோதனை: பையின் உச்சியை ஒரு கையாலும் அடியை இன்னொரு கையாலும் பிடித்து அமுக்குங்கள். நடுவில் மடிந்தால் உள்ளே பிரேம், அதாவது பையை நிமிர்த்திப் பிடிக்கும் சட்டம், இல்லை, அல்லது அதற்குப் பலமில்லை. அப்படிப்பட்ட பையில் 10 கிலோ இடுப்புக்கு இறங்காது, தோளிலேயே தொங்கும். பஞ்சு இல்லாமல் வெறும் நாடா மட்டும் இடுப்பில் வரும் பையும் அப்படித்தான். அது பை ஆடாமல் பிடிக்குமே தவிர பாரம் தாங்காது. ட்ரெக் தொடங்கும் சாங்க்ரி கிராமத்தில் வாடகைக்கு எடுப்பதானாலும் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு எடுங்கள்.

மழை உறை இருந்தாலும் முதுகுப்பக்கம் வழியாக ஈரம் இறங்கும். அதனால் பைக்குள் ஒரு தடித்த பாலித்தீன் பையை விரித்து அதற்குள் துணிகளை வையுங்கள். விமானத்தில் டேராடூன் போவதானால் இடுப்பு பெல்ட்டைப் பின்பக்கமாகத் திருப்பிப் பையைச் சுற்றிப் பூட்டி, முழுப் பையையும் ஒரு சாக்கில் போட்டு லக்கேஜில் கொடுங்கள். கன்வேயரில் மாட்டிக்கொண்டால் உடைவது அந்த பெல்ட்டின் பக்கிள்தான், மலையில் அதற்கு மாற்று கிடைக்காது.