சப்ரூட்டீனுக்குள் போனதும் அர்ரேயின் எல்லை மாறுவது ஏன்?

இட எண்கள் மைனஸ் 5 முதல் 5 வரை என்று அறிவித்த அர்ரே (மதிப்புகளின் வரிசை), ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் ஒரு சப்ரூட்டீனுக்குள் (தனியாக அழைக்கப்படும் துணை நிரல்) போனதும் குப்பை எண்களைத் தருகிறது என்கிறீர்கள். நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் மேல் தப்பில்லை, மொழியின் விதியே அதுதான். சப்ரூட்டீனில் அடைப்புக்குறிக்குள் வெறும் முக்காற்புள்ளி (:) போட்டு அர்ரேயை வாங்கினால் நீளம் மட்டும்தான் கூட வரும். கீழ் எல்லை வராது. உள்ளே 1 முதல் 11 ஆகிவிடும்.

அந்த முக்காற்புள்ளிக்கு முன்னால் மைனஸ் 5 என்று எழுதுங்கள், போதும். மேல் எல்லை தானாகவே 5 ஆகும். அழைப்புக்கு அழைப்பு கீழ் எல்லை மாறுமென்றால், கீழ் எல்லையைச் சொல்லும் எல்பவுண்ட் (LBOUND) தரும் எண்ணைத் தனி ஆர்கியுமென்டாக (உள்ளீடாக) அனுப்பி அதையே அங்கே போடலாம். சப்ரூட்டீன் ஒரு மாட்யூலுக்குள் (நிரல் பகுதிகளைத் தொகுத்து வைக்கும் அலகு) இருக்கட்டும். அழைக்கும் இடத்துக்கு அதன் இன்டர்ஃபேஸ், அதாவது அது என்னென்ன ஆர்கியுமென்டுகளை எப்படி வாங்குகிறது என்ற விவரம், தெரிந்தாக வேண்டும்.

அழைக்கும் இடத்திலும் சப்ரூட்டீனிலும் அர்ரேயை அலோகேட்டபிள் (நிரல் ஓடும்போது இடம் ஒதுக்கப்படும் வகை) என்று அறிவித்தால் எல்லைகள் அப்படியே வரும்தான். இதற்காக மட்டும் அப்படி மாற்றுவது எனக்குப் பிடிக்காது.

அப்புறம், அர்ரேயின் எல்லையைத் தாண்டுகிறோமா என்று பார்க்கும் எல்லைச் சோதனையை இயக்கிக் கம்பைல் செய்யுங்கள். ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். இயக்கியிருந்தால் மைனஸ் 5-ஐத் தொட்ட வரியிலேயே நிரல் நின்றிருக்கும்.