பத்தாம் வகுப்புப் பிள்ளையும் மறந்துபோன நோட்டும்: கேள்வி பதில்

மேடம், என் மகன் பத்தாவது. படிக்க உட்கார்ந்த பத்தாவது நிமிடம் எழுந்துவிடுகிறான். தினம் ஒரு நோட்டை மறந்துவிட்டுப் போகிறான். 'எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன்' குறைவு என்கிறார் டியூஷன் சார். பயிற்சி கொடுத்தால் சரியாகுமா?

அம்மா, அது மூன்று திறன்களுக்கான பொதுப்பெயர். மனம் போகும் பக்கமெல்லாம் போகாமல் நிற்பது, விஷயங்களை நினைவில் வைத்தபடியே வேலை பார்ப்பது, நிலைமை மாறினால் போக்கை மாற்றிக்கொள்வது. இவற்றில் பெரும்பங்கு வகிக்கும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகிவிடும். அதனால் அவனைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

பயிற்சி உண்டு. 'இனி ஒழுங்காகப் படிப்பேன்' என்ற உறுதி நிற்காது. 'டீ குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் கணக்கு நோட்டைத் திறப்பேன்' என்று, எப்போது, என்ன என்பதை அவன் வாயாலேயே சொல்லட்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து காட்டிய வழி இது. பையையும் அவனே இரவில் அடுக்கட்டும். முதல் வாரம் பக்கத்தில் நில்லுங்கள். அப்புறம் "நாளைக்கு என்ன பீரியட்?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் அதுவும் வேண்டாம். மறந்த நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடாதீர்கள்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிப் படிக்க வைக்கிறீர்களா? நிறுத்திவிடுங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

மூளைப் பயிற்சி ஆப் எது நல்லது?

எதற்கும் பணம் கட்டாதீர்கள். ஆப்பில் விளையாடினால் அந்த விளையாட்டு நன்றாக வரும். கணக்குக்கும் வாசிப்புக்கும் அது தாவுவதில்லை. மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2016இல் லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி ஆப்பின் நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்டியது.

நினைவாற்றல் ஆப் பற்றி?

மேலே பாருங்கள்.

மகளுக்குக் கவனக்குறைவு. மாத்திரை கொடுக்கலாமா?

குழந்தை மனநல மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது. நான் சொல்லக் கூடாது.

செஸ் சேர்த்தால் எல்லாத் திறனும் வளருமே?

செஸ் வளரும். இங்கிலாந்தில் சுமார் 100 பள்ளிகளில் 9, 10 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். செஸ் கற்றவர்கள் ஓராண்டு கழித்து மற்றவர்களைவிடக் கணக்கில் முந்தவில்லை.

குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன். அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது?

அவரைப் பார்த்து எனக்கும் பெருமைதான். ஆனால் பொறுமையாக உட்காரக்கூடிய பிள்ளைகள்தான் செஸ்ஸில் நீடிக்கிறார்கள். காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடக் கூடாது.

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் மேடம். என் மகள் செஸ்ஸுக்குப் போன பிறகுதான் நிதானமானாள்.

நம்புகிறேன். அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். தோற்ற ஆட்டத்தை, எழுதிவைத்த நகர்த்தல்களோடு, கோச் மறுபடி ஆடிக்காட்டச் சொல்லியிருப்பார். அந்தப் பழக்கத்தைக் கணக்குத் தேர்வுத்தாளுக்கும் கொண்டுவாருங்கள்: எந்த வரியில் தவறினாள், அப்போது என்ன நினைத்தாள் என்று அவளே எழுதட்டும். தானாகத் தாவாதது, இப்படிக் கைப்பிடித்துக் கூட்டிவந்தால் வரும். உங்கள் மகளுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

புது ஆப் ஒன்று வந்திருக்கிறதாம்...

வேண்டாம்.

எங்கள் ஊரில் செஸ் வகுப்பு காலை 5 மணிக்கு. மகனுக்கு ஆசை. அனுப்பலாமா?

ஆசை இருந்தால் செஸ் நல்ல விளையாட்டு. மாலை வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். காலை 5 மணிக்கு அவன் தூங்கட்டும்.