நூறு வருஷப் புலி வேட்டை, அக்ரிலிக் பெயின்ட்டில்!

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் தாத்தா கட்டிய வீட்டில் நானும் மனைவியுமாக மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறோம். போன ஓணத்துக்கு முன்னால் கொச்சியில் ஒரு பழம்பொருள் கடையில் 1,40,000 ரூபாய்க்கு ஒரு பெரிய ஓவியம் வாங்கினேன். யானை மேல் துப்பாக்கியோடு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், கீழே புல்லுக்குள் புலி. '1911 நேபாள வேட்டை. அப்பவே வரைஞ்ச ஒரிஜினல், நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு' என்று கடைக்காரர் தமிழிலேயே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கிறார். மரச் சட்டத்தின் மூலைகளில் தந்தம் பதித்தது என்றும் சொன்னார். போன மாதம் எங்களிடம் தங்கிய ஓவியப் பராமரிப்பு நிபுணர் ஒருவர், இது அக்ரிலிக்கில் போட்ட புது நகல் என்கிறார். கடைக்காரரோ, 'பில்லில் ஹேண்ட் பெயின்டட் என்றுதானே இருக்கிறது? கையால் வரைந்ததுதானே?' என்கிறார். விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டாராம். வேட்டைப் படம் மாட்டுவதே குற்றம் என்று ஊரில் ஒருவர் வேறு பயமுறுத்துகிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். படத்தில் புலி சுடப்படுவதால் வனவிலங்குச் சட்டம் உங்கள் வீட்டுக்கு வராது. வருவதானால் மூலையில் பதித்திருப்பதற்காக வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய ஓவியத்தைப் பார்த்து நகல் வரைவது நேர்மையான தொழில். நகல் என்று சொல்லி விற்றிருந்தால் உங்களுக்கு வழக்கே இல்லை. அந்த வேட்டையும் உண்மையாக நடந்ததுதான். 1911 டிசம்பரில் டெல்லி தர்பார் முடிந்ததும் மன்னர் நேபாளத் தராய்க் காட்டுக்குப் போனார். பத்து நாளில் அவரும் கூட்டத்தாருமாக 39 புலிகளையும் 18 காண்டாமிருகங்களையும் சுட்டார்கள். உண்மையான சம்பவத்தின் மேல் ஏற்றி விற்றதால்தான் பொய் இவ்வளவு சுலபமாக விலைபோயிருக்கிறது. ஆனால் ஓவியர்கள் அக்ரிலிக் வண்ணத்தைக் கையில் எடுத்ததே 1940களுக்கு அப்புறம்தான். 1911இல் யாரும் அதில் வரைந்திருக்க முடியாது.

கடைக்காரர் பில்லைக் காட்டுகிறார், நீங்கள் குரல் பதிவைக் காட்டுங்கள். விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15. விவரத்தை பில்லில்தான் எழுத வேண்டும் என்று அதில் இல்லை, வாயால் சொன்னதும் விவரம்தான்.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு வயதான ஓவியம் தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க லைசென்ஸ் வேண்டும். ஓவியங்கள் பதிவு செய்ய வேண்டிய பட்டியலிலும் இருக்கின்றன. ஆகவே புகாருக்கு முன் கடைக்காரருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பி, அதில் ஒரே கேள்வியை இரண்டு பக்கமும் கூராக்கிக் கேளுங்கள்: நூறு வருஷம் ஆனதென்றால் உங்கள் லைசென்ஸ் எங்கே, பதிவுச் சான்று எங்கே? இல்லை, நகல்தான் என்றால் பணத்தை எப்போது தருகிறீர்கள்? எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் அவருக்குச் சிக்கல். பல கடைக்காரர்கள் இந்தக் கட்டத்திலேயே சமரசம் பேச வந்துவிடுவார்கள்.

பில்லில் இருக்கும் எச்எஸ்என் எண்ணையும் (ஜிஎஸ்டிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) பாருங்கள். ஆனால் 9701 என்று நான்கு இலக்கம் மட்டும் இருந்தால் அதை வைத்து வாதாடாதீர்கள். கையால் வரைந்த ஓவியம், பழையதோ புதியதோ, எல்லாம் அதில்தான் வரும். ஆறு இலக்கம் இருந்தால் கதை வேறு: 970121 நூறு வயதைத் தாண்டியது, 970191 தாண்டாதது. அவரே 970191 என்று போட்டிருந்தால், புதியது என்று தெரிந்தே விற்றார் என்பதற்கு அவர் கையெழுத்தே சாட்சி.

இதற்காகக் கொச்சிக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தர விடுகிறது. பாலக்காடு மாவட்ட ஆணையம் போதும். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. 'ஹோம்ஸ்டேக்கு வாங்கியது, வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல' என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். பிழைப்புக்காகச் சுயதொழிலாக நடத்துபவரை அதே சட்டத்தின் பிரிவு 2(7) விளக்கம் காப்பாற்றுகிறது. நீங்கள் இருவரும்தான் நடத்துகிறீர்கள், அதுதான் வருமானம் என்பதைப் புகாரின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். இதை விட்டுவிட்டுப் பிறகு சேர்க்கப் போய்த் தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலக்கெடு இரண்டு வருஷம். விஷயம் தெரிந்த நாளிலிருந்து கணக்கு என்று வாதாட முடியும். ஆனாலும் வாங்கிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். குரல் பதிவு இருக்கும் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். பதிவின் எழுத்து வடிவத்தோடு ஆங்கிலம் அல்லது மலையாள மொழிபெயர்ப்பையும், மின்னணுப் பதிவுகளுக்கு சாட்சியச் சட்டம் 2023 பிரிவு 63 கேட்கும் சான்றையும் இணையுங்கள். நிபுணர் சொன்னதை வாய்வார்த்தையாக விடாமல் பிரமாணப் பத்திரமாக வாங்குங்கள். அவர் போதாது என்று எதிர்த்தரப்பு சொன்னால் ஆணையமே பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அதற்காகவாவது படத்தைத் துடைக்காமல், சுரண்டாமல், பின்பக்கத்து ஆணிகளைக்கூடத் தொடாமல் வையுங்கள். போலீசில் ஏமாற்றுப் புகார் கொடுக்க வழி உண்டு, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318. ஆனால் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தச் சட்டம் (மரச் சட்டத்தைச் சொல்கிறேன்). மூலையில் இருப்பது பெரும்பாலும் எலும்பாக இருக்கும். படத்தில் பொய் சொன்னவர் இதிலும் சொல்லியிருக்கலாம், அப்படியிருந்தால் உங்களுக்கு நல்லதே. நிஜமாகவே தந்தம் என்றால், வாங்கியவர் நீங்களும் மாட்டுவீர்கள். தந்த வணிகத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை உண்டு. 'தந்தம் பதித்த ஓவியத்தை வாங்கினேன்' என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது ஒப்புதல் வாக்குமூலம். ஊசியைச் சுட வைத்துக் குத்திப் பார்க்கும் வேலையெல்லாம் வேண்டாம். நிபுணரிடம் அந்த நான்கு மூலைகளை மட்டும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். தந்தம் என்றால் நோட்டீஸ் அனுப்பும் முன் ஒரு வக்கீலோடு வனத்துறைக்குப் போங்கள். எலும்பு என்று உறுதியானால் அதையும் ஒரு பொய்யாகப் புகாரில் சேர்க்கலாம்.

அதுவரை படம் சுவரிலேயே இருக்கட்டும். விலை கேட்கும் விருந்தாளியிடம் மட்டும் நகல் என்றே சொல்லுங்கள்.